குறைத்துச் சொன்னது

பூட்ஸ் வாங்கி வந்த அட்டைப்பெட்டி மேஜைமேல் மறுபடியும் உறுமியது. வகுப்பிலிருந்த அத்தனை பேருடைய கைபேசிகளும் அதற்குள்தான் கிடந்தன. மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடக்க, ஒன்று மட்டும் அடைபட்ட வண்டு மாதிரி அட்டையில் முட்டி முட்டி விழுந்தது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். மல்லாந்து கிடந்த திரையில் 'மமா' என்ற பெயரும் பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் பூவும் தெரிந்தன. எஃப்ரயீனுடைய அம்மா. ஜன்னலோரம் தோளை ஒடுக்கிக்கொண்டு, பேனாவைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்து எழுதிக்கொண்டிருக்கிறானே, அவனுடைய அம்மா. இப்போதுதானா அம்மா, இன்றைக்குத்தானா? செமஸ்டர் முழுக்கக் கூப்பிட்டது போதாதா? மருந்துக் கடையில் மாத்திரை மாறிப்போனால் அவன், கரண்ட் ஆபீஸில் ஆள் வந்து கதவைத் தட்டினால் அவன், தங்கையின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வரச்சொன்னால் அவன். இங்கிலீஷ் தேவைப்படுகிற இடமெல்லாம் அந்த வீட்டுக்கு அவன் ஒருவன்தான் வாய். ஒவ்வொரு தடவையும் "மிஸ், க்ளினிக்" என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டுக் கைபேசியோடு ஓடுவான். அரை வகுப்பு கழித்துத் திரும்பி வந்து, விட்ட பாடம் என்ன என்று பக்கத்துப் பையனிடம் கேட்பான், அந்தப் பையன் தூக்கத்திலிருந்து எழுந்து "தெரியல" என்பான். இன்றைக்கு மட்டும் ஓட முடியாது. இன்றைக்கு இறுதிக் கட்டுரை. எழுதி முடிக்காமல் அறையை விட்டு யார் வெளியேறினாலும் அவர் தாள் செல்லாது. விதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். உறுமல் நின்றது. 

அவளுக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் உடனே சொல்ல முடியாது, அவ்வளவு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மாமேல். செமஸ்டர் முழுக்கக் கைபேசியை அணைத்துவைக்கத் தெரியாத இந்தப் பையன்மேல். இந்தக் குளிர்மேல், வெளியே கலிபோர்னியாச் சமவெளியின் மே மாத வெயில் பாதாம் தோப்புகளை வறுத்துக்கொண்டிருக்க, உள்ளே ஏ.சி. மார்கழி மாதிரி ஊதியது, குறைக்கச் சொன்னால் அதன் பொத்தான் வேறு கட்டடத்தில் இருக்கிறதாம். கல்லூரி வாசலில் தொங்குகிற பேனர்மேலும் எரிச்சல். லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தோள்கொடுக்கும் கல்லூரி என்று அதில் எழுதி, சிரிக்கிற ஒரு பெண்ணின் படம் போட்டிருக்கிறது. அந்தப் பெண் இந்தக் கல்லூரியில் படித்தவளே இல்லை, எங்கோ விலைக்கு வாங்கிய படம். அவள் சிரிப்பில் பாதிகூட இந்த அறையில் யார் முகத்திலும் இல்லை. குருவம்மாளின் வகுப்புக்குப் பெயர் துணை வகுப்பு. வழக்கமான எழுத்து வகுப்பில் சேருகிற எல்லாரிலும், எழுத்தில் பின்தங்கியவர்கள் என்று கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்துத் தருகிறவர்களுக்குக் கூடுதலாகப் பாடம் நடத்துகிற வகுப்பு. தோள்கொடுக்கிற வேலையெல்லாம் இங்கேதான் நடக்கிறது, அதுவும் பகுதிநேரத்தில். காலையில் இங்கே, மத்தியானம் அடுத்த ஊர்க் கல்லூரியில், நடுவில் காருக்குள் எலுமிச்சைச் சோறு. ஒருங்கிணைப்பாளர் லிண்ட்சேக்கு அவள் பெயர் நுழையாது. "உன்னை குரு என்றே கூப்பிடட்டுமா? எவ்வளவு பொருத்தம்!" என்று முதல் நாளே கையைத் தட்டினாள். அன்றிலிருந்து மிஸ் குரு. சாத்தூரில் குருவம்மாள் என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து நாலு பேர் வந்து நிற்பார்கள், அதில் ஒருத்தியாவது குருவாக இருந்ததாகத் தகவல் இல்லை என்று லிண்ட்சேயிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள். சொல்லாமல் விடுவது அவளுக்குக் கைவந்த கலை.

இன்றைய கேள்வியைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. 'நகரங்களில் மரம் வளர்ப்பதால் விளையும் நன்மைகள்.' விடியற்காலையில் பாதாம் மரத்துக்குக் கீழே குழாய் இழுத்துப் போட்டுவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் மரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சரி, தெரிந்ததைத்தானே கேட்கிறார்கள் என்று பார்த்தால், தெரிந்ததை எழுதினால் மதிப்பெண் போய்விடும். தண்ணீர் யாருக்குப் போகிறது, எந்தத் தோப்பைப் பிடுங்கி எறிந்தார்கள், மருந்து அடிக்கிற அன்றைக்கு யார் வீட்டு ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்று இவர்கள் எழுதினால், படிக்கிறவர் ஓரத்தில் 'கேள்வியை விட்டு விலகிவிட்டது' என்று எழுதுவார். படிக்கிறவர் குருவம்மாள் இல்லை. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். முகம் தெரியாத இரண்டு பேர் படித்து, 'தேறியது', 'தேறாதது' என்று போடுவார்கள். அது நியாயமாம். அந்த இரண்டு பேருக்காகத்தான் அவள் செமஸ்டர் முழுக்க இவர்களை இழுத்துப் பிடித்துக் கட்டிப்போட்டாள். முதலில் கருத்தைச் சொல், பிறகு காரணம், பிறகு உதாரணம், விலகாதே, விலகாதே. எஃப்ரயீன் விலகுவான். அவன் எழுத்தில் வாக்கியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும், ஆனால் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில், படிக்கிறவளை நிமிர்ந்து உட்கார வைக்கிற ஒரு விஷயம் இருக்கும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் 'இது தேவையா?' என்று எழுதிக் கொடுத்தவள் அவளேதான். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு "தேங்க்யூ, மிஸ்" என்பான். வகுப்பு முடிந்து போகும்போது "தேங்க்யூ, மிஸ்." ஓடிப்போகும்போது "தேங்க்யூ, மிஸ்." எதற்கடா என்று ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுகூட டிரைவருக்கு நன்றி சொல்லாமல் இறங்கக் கூடாது என்று அவன் அம்மா பழக்கியிருக்கிறாளாம், அவனே சொன்னான். அந்த அம்மாதான் இப்போது கூப்பிடுகிறாள்.

பெட்டி திரும்பவும் உறுமியது. பின்வரிசையில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. எஃப்ரயீன் நிமிரவில்லை, ஆனால் பேனா நின்றது. அவனுக்குத் தெரிகிறது. இல்லை, தெரியவில்லை, யோசிக்கிறான், யோசிக்கும்போது பேனா நிற்கத்தானே செய்யும். எழுது, எழுது, எழுதிவிடு கண்ணா. இது உனக்கு மூன்றாவது தடவை. மூன்று தடவை எழுதித் தேறாதவனுக்கு இந்தக் கல்லூரியில் இந்த வகுப்பு கிடையாது, இந்த வகுப்பு தேறாமல் பட்டம் கிடையாது. அடுத்த கல்லூரிக்குப் போக மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பஸ் இல்லை. முதல் தடவை பாதியில் நின்றுபோனான். இரண்டாவது தடவை, வேறொரு ஆசிரியரிடம், இதே மாதிரி கட்டுரை நடுவில் கைபேசி அடித்து, எழுந்து போய், தாள் செல்லாமல் போயிற்று. இதெல்லாம் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே முதல் வாரமே அவள் பார்த்தது. "அவனுக்கு இதுதான் கடைசி என்று தெரியுமா?" என்று லிண்ட்சே கேட்டாள். கல்லூரி அவனுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கும். அனுப்பிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று கணக்கு, அந்தக் குப்பையில் யார் கையை விட்டுத் தேடுவார்கள்? "நான் சொல்கிறேன், நேரம் பார்த்து" என்றாள் குருவம்மாள். பார்த்த நேரம் வரவே இல்லை. போன வருஷம் மாரிசோல் என்ற பெண்ணிடம் நேரடியாகச் சொல்லிப் பார்த்தாள். பரீட்சையன்று அந்தப் பெண் வராந்தாக் குப்பைத்தொட்டியில் வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால் இவனிடம் சொல்லவில்லை. பயமில்லாமல் எழுதட்டும். நல்லதுக்குத்தான். அவன் நல்லதுக்குத்தான் என்று தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறாள், நல்லதாக இருந்தால் ஒரு தடவை சொன்னால் போதாதா?

நல்லதுக்குத்தான் என்று மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நினைத்தாள். அப்போது அவள் கல்லூரிக்குப் புதுசு. தமிழில் படித்துவிட்டு இங்கிலீஷில் பாடம் கேட்டு, காதில் விழுவதில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த வாய் அவள் ஒருத்திதான். டாக்டர் அப்பாவின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, தமிழ் தெரிந்தும் இங்கிலீஷிலேயே பொழிந்தார். இதில் அவளுக்கு எல்லாமே புரிந்தது, அதுதான் கொடுமை. பாடம் புரியாதவளுக்கு இது புரிந்தது. அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன புள்ள சொல்லுதாரு?" என்றாள். அம்மாவின் விரல் குளிர்ந்திருந்தது. "நீர் கோத்திருக்காம்மா. மருந்துல வத்திரும். பத்தியமா இருக்கணுமாம்" என்றாள் குருவம்மாள். பத்தியம் என்று டாக்டர் சொல்லவே இல்லை. ஒரு பொய் மொட்டையாக நிற்கிறதே என்று அதற்குத் துணையாக இன்னொன்றைச் சேர்த்தாள். அப்பா ஆடியைத் தாண்டவில்லை. கடைசி வாரங்களில் கருவாட்டுக் குழம்பு கேட்டுக் கேட்டு, குழந்தை மாதிரிக் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அம்மா பத்தியம் என்று கொடுக்கவில்லை. "தெரிஞ்சிருந்தா ஒரு வாய் போட்டிருப்பனே, பாவி மனுசனுக்கு" என்று பிறகு அம்மா அழுதாள், அவளைப் பார்த்து இல்லை, அடுப்பைப் பார்த்து. அது பெரிய அழுகையாக இருந்திருந்தால்கூட மறந்திருக்கும். இங்கே, கடல் தாண்டி வந்து, இந்தக் குளிர் அறையில், அட்டைப்பெட்டிக்கு முன்னால் எதற்கு அது வருகிறது? வேலையைப் பார் குருவம்மா. கேள்வித்தாளைச் சரிசெய். கடிகாரத்தைப் பார். இந்தப் பையனும் தன் அம்மாவுக்கு இப்படித்தானே ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று மாற்றி மாற்றிச் சொல்கிறான், இவனும் குறைத்துத்தான் சொல்வான், குறைக்காமல் யாரால் சொல்ல முடியும்?

மூன்றாவது உறுமலில் பெட்டி மேஜையின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. குருவம்மாள் தோளில் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினாள். குளிர் சட்டென்று முதுகில் ஏறியது. ஸ்வெட்டரை நாலாக மடித்து, பெட்டிக்குள் கையை விட்டு, சூரியகாந்திப் பூ போட்ட அந்தக் கைபேசிக்கு அடியிலும் மேலுமாகச் சுருட்டி வைத்தாள், தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற பக்குவத்தோடு. இனிச் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் கூப்பிடவில்லை என்று ஆகிவிடுமா? மடிப்பு சற்று விலகிய இடத்தில் திரை ஒளிர்ந்தது, அணைந்தது, ஒளிர்ந்தது. ஒரு செய்தி வந்து நின்றது. இந்த ஊருக்கு வந்து பொறுக்கிச் சேர்த்த ஸ்பானிஷில் அதை அவளால் படிக்க முடிந்தது. மகனே, எடு. அவ்வளவுதான். மாத்திரைக்காக இருக்கும், தங்கைக்காக இருக்கும், உருளைக்கிழங்கு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காகக்கூட இருக்கும். இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் என்று ஒன்று வருகிறதே, அதைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. எழுந்து அவனிடம் போய்ச் சொன்னால் போய்விடுவான், போனால் படிப்பு முடிந்தது. சொல்லாவிட்டால் படிப்பு இருக்கும், அம்மா இருப்பாளா என்று தெரியாது. இதையெல்லாம் எடைபோட இவள் யார்? பகுதிநேரம். பெயர்கூட முழுசாக இல்லாத மிஸ் குரு. அவள் நிமிர்ந்தபோது எஃப்ரயீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறான்? ஸ்வெட்டரோடு கை பெட்டிக்குள் போனதிலிருந்தா?

அவன் எழுந்து மேஜைக்கு வந்தான். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"மிஸ், அது என் போன்தானே."

"எழுது, எஃப்ரயீன். இன்னும் நேரமிருக்கு."

"அம்மாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன், மிஸ். பித்தப்பையில கல்லு. வேற நாள் கிடைக்கல. மொழிபெயர்க்க ஆள் போடுறோம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வரல போலிருக்கு."

அவன் பெட்டிக்குள் கையை விட்டான். ஸ்வெட்டரின் மடிப்பைப் பிரித்தான். பிரித்துவிட்டு, அதை ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஸ்வெட்டரை மேஜைமேல் வைத்தான், பையை எடுத்துத் தோளில் மாட்டினான், பிறகு, அதுதான் அவளால் பொறுக்க முடியாமல் போனது, சிரித்தான்.

"பரவால்ல, மிஸ். நான் போறேன். செப்டம்பர்ல மறுபடி எழுதிக்கறேன். உங்க வகுப்புலயே சேர்றேன். தேங்க்யூ, மிஸ்."

செப்டம்பர். செப்டம்பரில் மறுபடி. எவ்வளவு லேசாகச் சொல்கிறான், பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் என்கிற மாதிரி. நாலு எட்டில் கதவு. போகட்டும், வாயை மூடிக்கொண்டிரு, செப்டம்பரில் எந்தக் கவுண்டரிலாவது எவளாவது கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளட்டும். அப்போது அவன் அந்தக் கவுண்டருக்கும் தேங்க்யூ சொல்லுவான். அம்மா அடுப்பைப் பார்த்து அழுதாள். ஒரு வாய் போட்டிருப்பனே. அவன் கை கதவுப்பிடியில் பட்டது. கைபேசி அவன் கையில் மறுபடியும் அதிர்ந்தது.

"எஃப்ரயீன், செப்டம்பர் கிடையாது."

அவன் திரும்பினான். வகுப்பு முழுக்கத் திரும்பியது.

"இது உனக்கு மூணாவது தடவை. மூணுக்கு மேல விடமாட்டாங்க. இப்ப வெளிய போனா இந்தக் காலேஜ்ல உனக்கு இது முடிஞ்சிடும்." குரல் எங்கிருந்தோ வருவது மாதிரி இருந்தது. சுருக்கிச் சொல்ல ஒன்றுமில்லை, நீட்டிச் சொல்லவும் ஒன்றுமில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தையா மாதக்கணக்கில் சுமந்தோம் என்று அந்த நேரத்திலும் ஒரு எரிச்சல் எட்டிப் பார்த்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும், மிஸ்?"

"முதல் வாரத்துலயே."

அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் கதவைத் திறந்தான். குருவம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கால் உள்ள இருக்கட்டும்" என்றாள். அறையை விட்டு வெளியேறினால் என்றுதான் சுவரில் எழுதியிருக்கிறது, ஒரு கால் இருக்கிறவன் வெளியேறியவன் இல்லை. லிண்ட்சே வந்தால் வரட்டும், இந்த விதியை எழுதினவர்கள் எல்லாரும் வரட்டும். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். இடதுகாலை நிலைக்கு உள்ளே வைத்து, உடம்பை வராந்தாவில் சாய்த்து, கைபேசியைக் காதில் வைத்தான். அம்மாவிடம் இரண்டு வார்த்தை, பிறகு நர்ஸிடம் இங்கிலீஷில், பிறகு திரும்ப அம்மாவிடம். அம்மா காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாளா, நேற்று ராத்திரிக்கு மேல் என்ன சாப்பிட்டாள், எது ஒத்துக்கொள்ளாது எல்லாம் அவனிடம் இருந்தது. பிறகு டாக்டர் பேசினார் போலிருக்கிறது, அவன் வெகுநேரம் கேட்டான், கதவைப் பிடித்து நின்ற அவள் காதிலும் அது விழுந்தது. சின்னத் துளை போட்டு எடுப்போம், கல் குழாயில் சிக்கியிருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும், ரத்தம் போகலாம், அபூர்வமாக அதற்கு மேலும் ஆகலாம். இதை இப்போது எப்படிச் சொல்லப் போகிறான்? எதை விடுவான்? ஒன்றும் ஆகாதும்மா என்றுதான் சொல்வான் என்று குருவம்மாள் காத்திருந்தாள். அவன் ஸ்பானிஷில், நிதானமாக, திறப்பார்கள் என்றான். ரத்தம் போகலாம் என்றான். அதற்கு மேலும் என்பதையும் சொன்னான், அந்தச் சொல் அவளுக்கே தெரிந்த சொல். அந்தப்பக்கம் அம்மா அழுவது கதவு வரைக்கும் கேட்டது. அவன் அவசரப்படவில்லை, அழுது முடிக்கட்டும் என்று நின்றான். பிறகு திரும்பவும் முதலிலிருந்து, ஒன்றும் விடாமல் சொன்னான். கடைசியில் அந்தப்பக்கம் இருந்து ஒரு 'சரி' வந்தது. "மத்தியானம் வர்றேன், மமா" என்று சொல்லிவிட்டு வைத்தான். இடதுகால் இருந்த இடத்திலேயே இருந்தது.

உள்ளே வரும்போது அவளுக்குப் பக்கத்தில் நின்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பாள். அவன் ஒரு தகவலைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

"நான் எங்கம்மாகிட்ட எதையும் குறைச்சுச் சொல்றதில்ல, மிஸ்."

கைபேசியைத் தானே பெட்டிக்குள் போட்டான். போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். குருவம்மாளும் உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் மேஜைமேல் கிடந்தது, குளிர் எலும்பில் இறங்கியது, எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து, அந்த வாக்கியத்தை உள்ளேயே நாலு தடவை திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் கருவாட்டு வாசனை அடித்தது. மன்னிப்பு கேட்கலாம், இப்போது கேட்டால் அவன் நேரம் கெடும். நேரம் கெடுமாம்! எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது அவளுக்கு. பேனாக்கள் ஓடின. ஒருத்தர் ஒருத்தராக எழுந்து வந்து தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியில் கைபேசியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் மட்டும் மிஞ்சினான். மரத்தைப் பற்றி என்ன எழுதுகிறான்? விலகியிருப்பானா? விலகட்டும். ஐயோ, விலகக் கூடாது, அந்த இரண்டு பேர் படிப்பார்களே. நேரம் முடிந்தது. அவள் எழுந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையை மேலிருந்து கீழாக, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெல்ல மெல்லத் துடைத்தாள். அவளால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டதும் திரும்பினாள். கையை நீட்டினாள். எஃப்ரயீன் தாளை மேஜைமேல் இருந்த அடுக்கின்மேல் வைத்தான். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் எழுதியிருந்தான். எண் மட்டும் போட்டிருந்தது, பெயர் இல்லை. பெட்டியில் மிஞ்சியிருந்த ஒரே கைபேசியை எடுத்துப் பார்த்தான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், பையை மாட்டினான். கதவைத் திறந்துகொண்டு, இரண்டு காலும் வெளியே வைத்து, போனான். அந்தக் கதவு தானாக, மெதுவாகச் சாத்திக்கொள்கிற கதவு. அது முழுசாகச் சாத்தி 'க்ளிக்' என்று சத்தம் வருகிற வரைக்கும் குருவம்மாள் டஸ்டரோடு நின்றுகொண்டிருந்தாள். 'தேங்க்யூ, மிஸ்' வரவில்லை.